கம்பெனிக் கால்

அறுபதாயிரத்தையும் கட்டுக்கட்டாகக் கவுண்டரில் அடுக்கி வைத்துவிட்டு, அதன்மேல் ஒரு காகிதத்தையும் விரித்து வைத்தாள் அவள். மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிய ஆரம்பித்திருந்த காகிதம். அதில் முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, அவள் பெயரும் இருந்தது.

செயற்கைக் கால் விற்கும் கடை அது. கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண் பணத்தை எண்ணி முடித்து, கணினியில் எதையோ தட்டிவிட்டு, "இன்னும் ஏழாயிரத்து இருநூறு குடுங்க" என்றாள்.

"சீட்டுல அறுபதாயிரம்னுதானே போட்டிருக்கீங்க?"

"அது காலோட விலைம்மா. வரி தனி."

"அதுக்குத்தான் பேப்பர் வச்சிருக்கேனே." காகிதத்தை விரலால் தள்ளினாள். "நாங்க வரி கட்டுற ஆளுங்க இல்ல. பாருங்க, எழுதியே குடுத்திருக்காங்க. வரி ஏதும் இல்லைன்னு."

கவுண்டர்ப் பெண் அதைப் படித்தாள். சிரித்துவிடக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டது நன்றாகவே தெரிந்தது. "அம்மா, இது உங்க சம்பளத்துக்கு. வருமான வரி இல்லைன்னு போட்டிருக்கு. நான் கேக்கறது காலுக்கு. யார் வாங்கினாலும் குடுக்கணும்."

"கோடீஸ்வரன் வந்து வாங்கினாலும் இதேதானா?"

"அவருக்கும் இதேதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

பின்னால் ஸ்டூலில், ஊன்றுகோலை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்த அவள் புருஷன் கனைத்தான். "அப்ப சரி. கோடீஸ்வரனும் நானும் ஒரே வரிசைக்கு வந்தாச்சு. வா, வீட்டுக்குப் போவோம்."

பணத்தை எல்லாம் மறுபடி பையில் அள்ளிப் போட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அளவெடுத்து, அச்செடுத்து, அவனுக்கென்றே செய்து வைத்த கால் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்காலுக்கு மேலே இல்லாமல் போன யாரோ ஒருத்தனைப் போல நின்றது.

பஸ் நிறுத்தத்தில் அவன் பேச்சை எடுத்தான். "போன வருஷம் எனக்குச் செருப்பு வாங்கினியே, ஞாபகம் இருக்கா? ஒத்தைச் செருப்பு குடுக்க மாட்டேன்னுட்டான். நான் போட்டது ஒண்ணு. வரி கட்டினது ரெண்டுக்கும்."

"சும்மா இருங்க."

"இல்ல, கணக்குப் பாரு. அரசாங்கத்துக்கு எனக்கு ரெண்டு காலும் இருக்கு. நமக்குத்தான் தெரியல."

அவனை லேத் பட்டறையில் 'ஸ்பீடு' என்று கூப்பிடுவார்கள். மற்றவன் ஒரு தண்டைக் கடைந்து முடிப்பதற்குள் இவன் இரண்டு முடித்துவிடுவான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி பின்னுக்கு வந்தபோது மட்டும் அந்த வேகம் உதவவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அப்புறமும் பேர் மாறவில்லை. தெருவில் யாராவது 'என்ன ஸ்பீடு, சௌக்கியமா?' என்றால் அவன் சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் ஊன்றுகோல் ஒரு பக்கம் பறக்கும்.

பட்டறைக்காரர் கெட்டவர் இல்லை. "ஒண்ணாந்தேதி வரைக்கும் உன் மிஷினுக்கு வேற ஆள் போட மாட்டேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதே. லேத்து நின்னுக்கிட்டுப் பாக்குற வேலை" என்று சொல்லியிருந்தார். அன்றைக்குத் தேதி பத்தொன்பது.

அறுபதாயிரம் என்பது அவள் தையல் மெஷின், காதில் கிடந்தது, ஒன்றரை வருஷச் சீட்டு எல்லாம் சேர்ந்த தொகை. இனிமேல் வீட்டில் விற்க ஆட்கள்தான் பாக்கி. கடன் வாங்கலாம் என்றால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். "கடன்பட்டு நிக்கிறதுக்கு நான் உக்காந்தே கிடக்கேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டான். அவன் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். ஆஸ்பத்திரிக்குக் கைமாற்று வாங்கி வந்தாள் என்று, பாதி ஆறின புண்ணோடு கட்டிலை விட்டு இறங்கி நொண்டிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினவன்.

அவள் ஒரு டைல்ஸ் கடையில் பெருக்கித் துடைத்து, டீ போட்டுக் கொடுக்கிறவள். கீழே முழுக்க ஓடுகள் அடுக்கின கூடம். மேலே கண்ணாடி வைத்த ஆபீஸ். மறுநாள் மத்தியானம், டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணக்கரிடம் போய் நின்றாள். அவரைக் கடையில் எல்லாருமே 'கணக்கண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் காகிதத்தை, பேங்கில் காட்டுவதற்கென்று அவளுக்கு எழுதி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

"அதைக் கொண்டுபோயா கடையில காட்டினே?" அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தங்கச்சி, இப்படி உக்காரு. வரிக்காரன் ரெண்டு இடத்துல நிப்பான். காசு உள்ள வர்ற முன்வாசல்ல ஒருத்தன். காசு வெளிய போற பின்வாசல்ல ஒருத்தன். உன் முன்வாசல்ல யாரும் நிக்கல. இவகிட்ட என்னத்தைப் பிடுங்கறதுன்னு போயிட்டான். அது நிஜம். ஆனா உன் காசு வீட்டுல ரெண்டு நாள் தங்குதா?"

"எங்க தங்குது? சோப்பு, எண்ணெய், மாத்திரைன்னு போயிடுது."

"அத்தனையும் பின்வாசல் வழியாத்தானே? அங்க நிக்கிறவன் ஒண்ணைக்கூட விட மாட்டான்."

"முதலாளி வீட்டுல?"

கணக்கண்ணன் கண்ணாடிக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவர் முன்வாசல்ல நான் நிக்கிறேன். வர்றவன்கிட்ட எல்லாம் நட்டம், நட்டம்னு சொல்லித் திருப்பி அனுப்புறதுதான் என் வேலை. பின்வாசல் வழியா அவருக்குப் போறது கொஞ்சம். அதுலயும் பாதி கம்பெனி பேர்ல போகுது. கம்பெனி எதை வாங்கினாலும், கட்டின வரி திரும்பி வந்துடும்."

"கார்?"

"கம்பெனி."

"சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்குப் போய்த் துடைக்கிறேனே, பெட்ரூம்ல, சுவிட்ச் போட்டா முதுகு பிடிச்சு விடுற நாற்காலி?"

"அது நாற்காலி இல்ல. வாடிக்கையாளர் காத்திருப்பு இருக்கை. கம்பெனிப் பொருள் பட்டியல்ல எண் இருபத்திரெண்டு."

அவள் மேசையில் சிந்தியிருந்த தண்ணீரை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பிறகு, கேலி மாதிரியும் கெஞ்சல் மாதிரியும் ஒரு குரலில், "அப்ப என் வீட்டுக்காரர் காலையும் கம்பெனி பேர்லயே வாங்கிடுங்கண்ணே" என்றாள்.

அவர் சிரித்தார். சோற்றில் கை வைத்தபடியே சிரிப்பை நிறுத்தினார். "பணம் கையில வச்சிருக்கியா?"

முதலாளி அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் வந்து, அரசாங்கம் வருமான வரியை ஏற்றப்போகிறது என்று புலம்பிவிட்டுப் போயிருந்தார். அதற்கு முதலாளி சொன்ன பதில் அவள் டீ கொடுக்கும்போதே காதில் விழுந்தது. "உழைச்சுச் சம்பாதிக்கிறவனைத் தண்டிக்கிறதுதான்யா வருமான வரி. இருபது பேருக்குச் சோறு போடுறேன், அதுக்கு அபராதமா? விக்கிற பொருள்ல போடு. வாங்குறவன் குடுக்கட்டும். பெரியவன், சின்னவன் வித்தியாசமே இல்ல, எல்லாருக்கும் ஒரே அளவு. அதைவிட நியாயம் உண்டா?"

அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. ஒரு டம்ளர் எடுத்தால் டிரம்முக்குத் தெரியாது. குடத்திலும் அதே ஒரு டம்ளர் எடுக்கலாம். டம்ளர் தண்ணியே வைத்திருக்கிறவளிடமும் அதே டம்ளரைக் கொண்டுவந்து நீட்டுவதற்குப் பேர் ஒரே அளவாம். ஆனால் டீ கொடுக்கப் போனவள் டீயைத்தான் கொடுக்க வேண்டும்.

கணக்கண்ணன் விஷயத்தைச் சொன்னதும் முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "தாராளமா செய்வோம். இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன மனுஷன்?" அறுபதாயிரத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அவள் தயங்கி நின்றதைப் பார்த்து, "என்னம்மா? ரசீதா? நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்?" என்றார். அவர் ஏமாற்றவேண்டும் என்று நினைத்துச் சொன்னதாக அவளுக்கு அப்போதும் தோன்றவில்லை, அப்புறமும் தோன்றவில்லை. நல்லது செய்கிற சந்தோஷம் அவர் முகத்தில் உண்மையாகவே இருந்தது.

கம்பெனி தன் பேங்கு கணக்கிலிருந்து அறுபத்தேழாயிரத்து இருநூறைக் கட்டிற்று. கால் வந்தது. பில்லில் கால் என்று இல்லை. 'நகரும் தாங்கி, ஒன்று' என்று இருந்தது. ஏழாயிரத்து இருநூறு ஒரே மாதத்தில் கம்பெனிக்குத் திரும்பி வந்துவிட்டது. அதோடு அறுபதாயிரத்தையும் கம்பெனிச் செலவு என்று எழுதி, முதலாளியின் வருமான வரியில் ஒரு துண்டு கழித்துக்கொண்டார்கள். அது அவள் பணம் என்பது எந்தத் தாளிலும் இல்லை.

காலைக் கொடுக்குமுன் கணக்கண்ணன் கெண்டைச்சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். 37. "இது இருக்கணும் தங்கச்சி. பிய்ச்சிடாதே. கம்பெனிப் பொருள் எல்லாத்துக்கும் உண்டு."

புருஷன் அதைத் தடவிப் பார்த்தான். "இத்தனை வருஷமா மிஷின் ஓட்டினேன். இப்ப நானே மிஷின் ஆயிட்டேன். எண்ணெய் கம்பெனி விடுமா, நாமதான் விடணுமா?"

"முதலாளி வரியைப் பார்த்துக்கிட்டார்" என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். கடன் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அவன் பட்டையை இறுக்கினான்.

ஒன்றாந்தேதி காலை எட்டு மணிச் சங்கு ஊதும்போது ஸ்பீடு லேத்தின் முன்னால் நின்றான். முதல் வாரம் தழும்பு புண்ணாகி ரத்தம் கசிந்தது. இரண்டாம் வாரம் தோல் காய்த்தது. மூன்றாம் மாதம் பட்டறையில் பழைய சம்பளத்தில் முக்கால்வாசி கொடுத்தார்கள். ஊன்றுகோல் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. அவள் வேண்டுமென்றே அதைத் துடைக்கவில்லை.

ஆறாம் மாதம் வரி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தாள். நாற்பது வயசு இருக்கும். குடிக்கத் தண்ணீர்கூடத் தன் பையிலிருந்தே எடுத்தாள். கையில் பட்டியல். ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"பதினாலு, கார்?"

"வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருக்குங்க மேடம்." கணக்கண்ணன் ஒரு பதிவேட்டை நீட்டினார். எந்த நாள், எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், எல்லாம் வரி வரியாக எழுதியிருந்தது. கார் அப்போது முதலாளி மகனோடு கடற்கரையில் இருந்தது. அவன் துண்டையும் குளிர்பானப் பெட்டியையும் காலையில் வண்டியில் ஏற்றிவிட்டவள் அவள்தான்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, டிக் அடித்தாள்.

"இருபத்திரெண்டு?"

"பழுது பார்க்கக் குடுத்திருக்கு." அதற்கும் ஒரு கடிதம் இருந்தது. டிக்.

"முப்பத்தேழு. நகரும் தாங்கி." பென்சில் நின்றது. "டைல்ஸ் கடைக்கு எதுக்குங்க செயற்கைக் கால் விக்கிற கடையில பில்?"

முதலாளிதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "நம்ம கடையில பெருக்குற அம்மாவோட வீட்டுக்காரருக்கு மேடம். பாவம்னு செஞ்சது."

"பொருளை நான் பார்க்கணும்."

பட்டறைக்குப் போன் போனது. அரை மணி நேரத்தில் ஸ்பீடு கையெல்லாம் கிரீஸோடு மாடி ஏறி வந்தான். என்னவோ கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்தவன். "எண்ணைப் பார்க்கணுமாம்" என்று கணக்கண்ணன் முனகினார். கால்சட்டையைத் தூக்கிக் காட்டினான். ஸ்டிக்கரில் பாதி வியர்வையில் அழிந்திருந்தது. மூன்று இருந்தது, ஏழு தெரியவில்லை. உள்பக்கம் கடைக்காரன் பொறித்த வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும் என்றாள் அதிகாரி. அதைப் பார்க்கக் கழற்ற வேண்டும்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து பட்டையை அவிழ்த்தான். காலை எடுத்து மேசைமேல், மாதிரி ஓடுகளுக்கு நடுவில் கிடத்தினான். செருப்போடு.

"நீங்க வெளிய உக்காருங்க" என்றார் முதலாளி அவனிடம், தரையைப் பார்த்தபடி. அவன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வெளியே போய் மாடிப்படிப் பெஞ்சில் உட்கார்ந்தான். கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது.

அதிகாரிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இது உங்க தொழிலுக்கு உண்டான பொருள் இல்ல. இவர் உங்க ஆளும் இல்ல. இதுக்கு வரியைத் திரும்ப வாங்கினது தப்பு."

"காருக்கு மட்டும்..." என்று யாரோ சொன்னார்கள். சொன்னது தான்தான் என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"காருக்கு என்ன?" அதிகாரி திரும்பினாள். "காருக்குப் பதிவேடு இருக்கும்மா. எங்க போச்சு, எதுக்குப் போச்சுன்னு எழுத்துல இருக்கு. காலுக்கு அப்படி ஏதாவது இருக்கா?"

முதலாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பார்வையில் மிரட்டல் இல்லை, பயம் இருந்தது. அவள் வாயைத் திறந்தால் கார் போகும், நாற்காலி போகும், இருபத்திரண்டுக்கும் முப்பத்தேழுக்கும் நடுவில் இருக்கிற எல்லாமே போகும். அவள் வேலையும் போகும். மேசைமேல் கிடக்கிறதை வழக்கு முடிகிறவரைக்கும் சாக்கில் கட்டி எடுத்துப்போவார்கள். வழக்கு எட்டு மணிச் சங்கைப் பார்த்துக்கொண்டு முடியாது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

"சரி." அதிகாரி குரலை இளக்கிக்கொண்டாள். "சட்டப்படி பார்த்தா இதுக்குத் தண்டம் உண்டு. ஏதோ நல்ல மனசுல செஞ்சிருக்கீங்க. அதனால ஒரு வழி சொல்றேன். பழைய பொருள்னு போட்டு, இந்த அம்மாவுக்கே முறையா வித்துடுங்க. விற்பனை வரியை வாங்கிக் கட்டிடுங்க. தண்டம் போடாம விட்டுடறேன்."

"விக்கிறதா?" அவள் கேட்டாள். "அது என் பணத்துல வாங்கினதுங்க. அறுபதாயிரம் நான் கையில குடுத்தேன்."

"ரசீது இருக்கா?"

அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். கணக்கண்ணனைப் பார்த்தாள். அவர் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டும் மூடிக்கொண்டும் இருந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

"பேங்கு மூலமா கம்பெனிதான் கட்டியிருக்கு" என்றாள் அதிகாரி, பட்டியலைப் பார்த்து, மென்மையாக. "பில் போட்டு எனக்கு ஒரு பிரதி குடுங்க. கையோட முடிச்சிடறேன்."

கணக்கண்ணன் எழுதினார். ஆறு மாதத் தேய்மானம் போக விலை ஐம்பத்துநான்காயிரம். வரி ஆறாயிரத்து நானூற்று எண்பது. மாதம் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது வீதம் இருபத்துநான்கு மாதம் சம்பளத்தில் பிடித்தம். எழுத்து எப்போதும்போல மணிமணியாக இருந்தது. ஒரே ஒரு பூஜ்யம் மட்டும் கோணலாக விழுந்தது.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி எழுந்து போகும்போது அவள் தோளைத் தொட்டு, "கவலைப்படாதீங்க, இனிமே இது உங்க சொந்தம்" என்றாள். உண்மையாகவே நல்லதைச் செய்துவிட்டுப் போகிற நடை அது.

அதிகாரி படி இறங்கிப் போனதும் முதலாளி பெருமூச்சு விட்டார். "நீ என்னைக் காட்டிக் குடுக்கல. அதை நான் மறக்க மாட்டேன். இப்ப அந்தப் பணத்தை எடுத்துக் குடுத்தா மாட்டிக்குவோம், புரியுதில்ல? வருஷக் கடைசியில பார்த்து ஏதாவது செய்யறேன்."

அந்தக் கடையில் எந்த வருஷக் கடைசியும் நட்டத்தில்தான் முடியும் என்பது அவளுக்குத் தெரியும்.

காலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்பீடு பெஞ்சில் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தான். அவள் காலடி கேட்டு நிமிர்ந்தான். அவள் குனிந்து மாட்டிவிடப் போனாள். அவன் கையால் தடுத்தான்.

"முதல்ல சொல்லு. காசு கேட்டாங்களா?"

"இல்ல."

"உள்ள இத்தனை நேரம் என்ன பேச்சு? கடன்னு ஏதாவது எழுதி வாங்கினாங்களா? அப்படின்னா இதை அப்படியே கொண்டுபோய் அந்த மேசைமேலயே வச்சிடு. நான் தத்திக்கிட்டே வீடு போய்ச் சேர்ந்துக்கறேன்."

அவன் அதைச் செய்கிறவன். படிப்படியாகத் தத்தி இறங்கி, தெரு முழுக்கத் தத்தி, போய்ச் சேர்ந்துவிடுவான். நாளைக் காலையில் சங்கு ஊதும். அவன் மிஷின் முன்னால் வேறு ஒருத்தன் நிற்பான்.

"காசெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அந்த அம்மாதான் பிடிவாதமா நின்னுச்சு. முதலாளி வாதாடி வாங்கிக் குடுத்துட்டார். இனிமே இது நமக்கே சொந்தமாம்."

அவன் அவள் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தான். பிறகு காலை வாங்கிப் பட்டையை இறுக்கினான். எழுந்து நின்று இரண்டு எட்டு வைத்துப் பார்த்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார். ஸ்பீடு அவரைப் பார்த்து, கிரீஸ் கையை நெற்றிக்குக் கொண்டுபோய், பெரிதாக ஒரு கும்பிடு போட்டான். அவர் கையை ஆட்டினார்.

"பெரிய மனுஷன்" என்றான் படி இறங்கும்போது. "கழட்டச் சொன்னப்ப மனசுக்குள்ள திட்டிட்டேன். தப்பு. இவர் வீட்டுக்கு நீ உழைச்சுக் குடுக்கலாம். சனிக்கிழமை அரை நாள் கூட நின்னு செய்யச் சொன்னாலும் முகம் சுளிக்காதே. என்ன?"

"சரிங்க" என்றாள் அவள்.